ஜீரோ வரைக்கும்

நர்மதாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவள் நடத்தும் உரக்கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவள் நாற்காலியில் சாய்ந்திருந்து பார்த்ததில்லை. மூட்டைகளுக்கு நடுவே நடப்பாள். வாசலுக்கு வந்து கோயம்புத்தூர் பஸ் போவதைப் பார்ப்பாள். திரும்ப உள்ளே போய் பூச்சி மருந்து டப்பாக்களை இடம் மாற்றி அடுக்குவாள். கடையில் மூட்டை தூக்கிக் கொடுக்கும் ரத்தினசாமி, "அந்த டப்பாவை இன்னைக்கு மட்டும் மூணு தடவை எடுத்து வெச்சுட்டீங்க அம்மிணி," என்பார். நர்மதா சிரித்துவிட்டு நான்காவது தடவையும் எடுப்பாள்.

வயது நாற்பத்தேழு. கடைக்கு வந்து பதினோரு வருஷம். அவள் கணவன் மோகனசுந்தரத்துக்கு ஆறு ஏக்கர் நெல்லும் ஒரு தென்னந்தோப்பும். காலையில் ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் வீடு திரும்புவார். மண்ணைவிட்டு நகராத மனுஷன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளைக் காந்தலூருக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் இருக்கலாம் என்று துணியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு போனார்கள். உறவுக்காரர் ஒருவரின் பூண்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்தார், "சரி, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல, கெளம்பலாம்," என்றார். பிரிக்காத பெட்டியோடு அன்று சாயங்காலமே மலை இறங்கினார்கள். அதற்கப்புறம் அவர்கள் எங்கேயும் போகவில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

பாயிண்ட் சேர்ந்தது அவளுக்கே தெரியாமல்தான். உரமும் விதையும் மொத்த வியாபாரிகளிடம் எடுக்கும்போதெல்லாம் கடை பேரில் இருந்த கிரெடிட் கார்டைத் தேய்ப்பாள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பிரதீப்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அம்மா, ஒண்ணேமுக்கால் லட்சம் பாயிண்ட் கெடக்குதுங்மா! செப்டம்பர் முப்பதோட செத்துப்போயிரும்னு மெசேஜ் மேல மெசேஜா வந்திருக்குது. படிக்கவே மாட்டீங்களா?"

"அத வெச்சு என்ன பண்றது கண்ணு?"

"பொருள் வாங்கலாம். இல்லீனா ஃப்ளைட்டு டிக்கெட் போடலாம். ரெண்டு பேருக்குத் தாராளமா வரும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மோகனசுந்தரம் தலையைத் தூக்கினார். "மிக்சி குடுப்பாங்களான்னு பாரு. பழசு ஓவரா சத்தம் போடுது."

நர்மதா மிக்சியைப் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம், கடைக்கு யாரும் வராத நேரத்தில், வங்கியின் தளத்தில் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்களின் பெயர்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். சிங்கப்பூர், துபாய் என்று முதலில் வந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்வந்த ஊர்கள். போய்வந்து அவர்கள் காட்டிய போட்டோக்களை அவள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. அவளுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. எது வரைக்கும் விமானம் போகிறது, அதற்கு மேல் எங்கே போகாது என்று தெரியவேண்டியிருந்தது. ஒரு வாரம் மத்தியானங்கள் அப்படியே போயின. கடைசியில் ஒரு படம் கிடைத்தது. மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு சின்ன ஓடுபாதை, அதன் இரண்டு பக்கமும் நெல் வயல். அருணாச்சலப் பிரதேசத்தில் ஜீரோ என்ற ஊர். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் திப்ருகரிலிருந்து வாரத்தில் இரண்டே நாள், பதினேழு பேர் உட்காரும் விமானம்.

மோகனசுந்தரம் போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நம்மூட்டு வாசல்ல இல்லாத நெல்லா? பேரு என்ன சொன்ன?"

"ஜீரோங்க."

"அத்தன பாயிண்டையும் போட்டுக் கடைசில ஜீரோவுக்கா போறது?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "பாக்கலாம்," என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாள். கோயம்புத்தூர், சென்னை, கல்கத்தா, திப்ருகர், ஜீரோ. அந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டிய அனுமதியையும் பிரதீப் வாங்கிக்கொடுத்தான். பாயிண்ட் எல்லாம் கரைந்தது.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அறுப்பு மெஷின்காரன் தேதி சொன்னான். அவர்கள் புறப்படும் அதே நாள்.

"மெஷின விட்டா அப்பறம் பத்து நாளுக்குக் கெடைக்காது. நெல்லு சாஞ்சிரும்," என்றார் மோகனசுந்தரம். கொஞ்சம் பொறுத்து, "நீ வேண்ணா போயிட்டு வா," என்றார்.

அவள் போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அது அவர் முகத்திலேயே இருந்தது. நர்மதா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க," என்றாள்.

விமானம் ஏறிய பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சென்னையில் இறங்கி நடந்தாள், கல்கத்தாவில் இறங்கி நடந்தாள். மற்றவர்கள் நாற்காலிகளில் தூங்கும்போது அவள் கேட் ஒன்றிலிருந்து கடைசிக் கேட் வரைக்கும் போய்த் திரும்பினாள். திப்ருகரில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை அந்தச் சின்ன விமானத்தில் ஏறினாள். தலை குனிந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. பக்கத்து இருக்கை மோகனசுந்தரத்தினுடையது. அதில் தன் பையை வைத்து பெல்ட்டைப் போட்டாள்.

அரைமணி நேரம் மேகத்துக்குள் குலுங்கிக்கொண்டே போனது. பிறகு ஒரு பொத்தல். அந்தப் பொத்தலுக்குள் பள்ளத்தாக்கு தெரிந்தது. மஞ்சள் வயல், பைன் மரம், குட்டிக் குட்டிக் கூரைகள், படத்தில் பார்த்த அதே ஓடுபாதை. நர்மதா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். விமானம் ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் போடுவதற்குள் பொத்தல் மூடிக்கொண்டது. மூன்றாவது வட்டம் போடவில்லை. வானிலை சரியில்லாததால் திப்ருகருக்கே திரும்புகிறோம் என்று பைலட் சொன்னது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

திப்ருகரில் இறங்கியதும் மற்றவர்கள் சேர்ந்து ஜீப் பிடித்தார்கள். பத்து மணி நேர மலைப்பாதை, வருகிறீர்களா என்று அவளையும் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண், அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து, காத்திருந்தால் இடம் தருகிறோம் என்றாள். ஜீப்பில் போயிருந்தால் அன்று ராத்திரியே சேர்ந்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று பிற்பாடு யோசித்தபோதும் நர்மதாவுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. அந்தப் பொத்தல் வழியாகப் பார்த்துவிட்டாள். அதே வழியாகத்தான் இறங்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

மூன்று நாள். லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு டிவி. அவள் அறையில் இருக்கவில்லை. பிரம்மபுத்திரா கரை நெடுக நடந்தாள். இத்தனை பெரிய ஆற்றை அவள் பார்த்ததில்லை. அக்கரை கண்ணுக்கே தெரியவில்லை. நம்மூர் ஆறான சித்தூர்ப் புழையைப் போல ஐம்பதைச் சேர்த்தாலும் இதற்குக் காணாது என்று நினைத்தாள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் அதுவும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு பொழுதும் வானத்தைப் பார்ப்பாள், போனில் வானிலையைப் பார்ப்பாள், மறுபடி வானத்தைப் பார்ப்பாள்.

மோகனசுந்தரம் சாயங்காலம் கூப்பிட்டார். "போய்ச் சேந்தாச்சா?"

"இல்லீங்க. எறங்க முடியாமத் திரும்பிட்டோம். இன்னொரு ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கறேன்."

"பின்ன என்ன, கெளம்பி வந்துரு."

"வியாழக்கெழம போகுதுங்க."

"அதும் போகலீனா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "ரத்தினசாமிக்குக் காய்ச்சல். கடைய நான்தான் தொறக்கறேன்," என்றார். "அந்தக் களைக்கொல்லி எங்க வெச்ச?"

"ரெண்டாவது தட்டுலீங்க. இல்ல, மூணாவது. மாத்தி வெச்சனே... மூணாவதுதான்."

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. விமானம் மலைகளுக்கு நடுவே நுழைந்து, வயல்களின் மேலேயே போய், அவள் மூச்சை விடுவதற்குள் தரையைத் தொட்டது. இறங்கினால் குளிர்ந்த காற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நெல். நர்மதா படியிறங்கி நேராக வேலியிடம் போய்விட்டாள். காவலுக்கு நின்றவர் கூப்பிட்டு வெளியே போகும் வழியைக் காட்டவேண்டியிருந்தது.

அவள் தங்கிய வீடு யாமி என்ற பெண்ணுடையது. ஐம்பது வயதிருக்கும். மூங்கில் தரை போட்ட வீட்டில் இரண்டு அறையை வருகிறவர்களுக்கு விட்டிருந்தாள். அது அறுவடை நேரம். யாமிக்கு விருந்தாளியை உட்கார்த்தி வைத்துப் பேச நேரமில்லை. சோற்றையும் கீரையையும் எடுத்து வைத்துவிட்டு முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நர்மதா அவள் பின்னாலேயே போனாள்.

வயலைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வரப்பு முழுக்கக் கேழ்வரகு. வயலுக்கு நடுவே வாய்க்கால் போல வெட்டி அதில் மீன் விட்டிருந்தார்கள். தண்ணீரை வடித்துவிட்டு இப்போது மீனைக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாடு கட்டி உழுவதில்லையாம், எல்லாம் மண்வெட்டிதான். நர்மதாவின் அரைகுறை இந்தியையும் யாமியின் அரைகுறை ஆங்கிலத்தையும் வைத்துப் பேச்சு நடந்தது.

"என்ன உரம் போடுவீங்க?" என்று கேட்டாள் நர்மதா.

"உரமா? வைக்கோலை எரிச்ச சாம்பல், உமி, கோழி எச்சம், பன்னிச் சாணி."

"கடையில வாங்கற உரம்?"

"அது எதுக்கு?"

நர்மதா சத்தமாகச் சிரித்துவிட்டாள். தான் உரக்கடைக்காரி என்று சொன்னதும் யாமியும் சிரித்தாள். பக்கத்து வயல்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். யாரோ ஒரு அரிவாளை நர்மதாவின் கையில் கொடுத்தார்கள். அவள் அறுப்புக்குக் குனிந்து இருபது வருஷம் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் இடுப்பு பிளந்தது. அப்புறம் கை தானாகப் போயிற்று. அன்று முழுக்க அவள் போனை எடுக்கவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் யாமி சுட்ட மீனைத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

இரண்டாம் நாளும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை எழுந்ததுமே கால் பரபரத்தது. அவளுக்கே பயமாகிவிட்டது. இத்தனை தூரம் வந்து, இத்தனை நாள் காத்துக்கிடந்து, வந்த இடத்திலும் இதேவா? வயலுக்குப் போனாள், பாதியில் திரும்பினாள். ஊருக்குள் கடைவீதியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்தாள். யாமி பார்த்துவிட்டு, "என்ன தேடறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் நர்மதா. அது பொய்யில்லை. என்ன தேடுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானமே மேகம் இறங்கியது, விலகவே இல்லை. அவளைத் திரும்ப ஏற்றிப்போக வேண்டிய விமானம் திங்கட்கிழமை வரவில்லை. வராது என்று யாமிக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது. தெரிந்தே ஜீப்புக்குச் சொல்லி வைத்திருந்தாள். புறப்படும்போது ஒரு மூங்கில் குழாயில் கேழ்வரகை அடைத்துக் கொடுத்தாள். பத்து மணி நேரம் என்று சொன்ன பாதை மண் சரிந்து பதினாறு மணி நேரமாயிற்று. நர்மதா திப்ருகர் வந்து சேர்ந்தபோது கல்கத்தா விமானம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பாயிண்டில் எடுத்த டிக்கெட்டுக்குத் திரும்ப எதுவும் கிடையாது. புதிதாக எடுக்க விலையைக் கேட்டு பிரதீப்பே போனில் விசிலடித்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அங்கிருந்து நேரா ஒரு ரயில் இருக்குது. கன்னியாகுமரி வரைக்கும் போறது. பாலக்காட்டுல நிக்கும். ஆனா மூணு நாளுக்கு மேல ஆகுங்மா. உங்களால உக்கார முடியுமா?"

"போடு," என்றாள்.

ரயிலில் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பையன்கள். திருப்பூருக்கு, பெரும்பாவூருக்கு, கஞ்சிக்கோட்டுக்கு. அவள் அந்தப் பக்கத்துக்காரி என்று தெரிந்ததும் சிலர் வழியெல்லாம் கேள்வி கேட்டார்கள். அங்கே மழை பெய்யுமா, அரிசி எப்படியிருக்கும், ஒரு நாளைக்கு என்ன கூலி? அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து பெட்டியின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நடந்தாள். வங்காளம் போனது, ஒடிசா போனது, ஆந்திரா போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அவளுக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியாமல் கதவருகே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். காற்றே முகத்தைத் துடைத்துவிட்டது.

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். திருப்பூர் தாண்டியதும் போன் வந்தது.

"எந்தப் பொட்டி?" என்றார் மோகனசுந்தரம்.

"எஸ் நாலுங்க. இப்பவே ஸ்டேசனுக்கு வந்துட்டீங்களா? பாலக்காடு வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுமே."

"கோயம்புத்தூர்ல நிக்கறேன்."

அவள் நம்பவில்லை. கோயம்புத்தூர் பிளாட்பாரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு இட்லிப் பொட்டலத்தோடு அவர் நின்றதைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. ஏறி வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். ஆள் கறுத்துப்போயிருந்தார்.

"பாலக்காட்டுக்குத்தான் போனேன். வண்டி லேட்டுன்னாங்க. சும்மா நிக்க முடியல. பஸ் ஏறி இங்க வந்துட்டேன்," என்றார். என்னவோ தப்பு செய்துவிட்டவர் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நெல்லு?"

"பாதியில மழை புடிச்சுக்கிச்சு. மெஷின் சேத்துல மாட்டி, இழுத்து வுட்டு... ஆச்சு. ரோட்டுல காயப் போட்டிருக்கறேன்." பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினார். "தின்னு."

அவள் தின்றாள். ரயில் மதுக்கரையைத் தாண்டியது.

"எட்டு நாள் கடையில உக்காந்திருந்தேன்," என்றார் அவர். "ரத்தினசாமி வந்தப்புறமும் நெல்லு மழையில மாட்டுனதால தோட்டத்துல சோலி இல்ல. கடையிலதான் இருந்தேன். நாலு செவுத்துக்குள்ள, அந்த மருந்து நாத்தத்துல. மத்தியானமானா ஒரு ஈ காக்கா வர்றதில்ல. வாசலுக்கு வந்து வந்து நின்னேன்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ பதினோரு வருசமா அங்க எப்படி உக்காந்த?"

"உக்காரலீங்க," என்றாள் நர்மதா.

அவர் தலையாட்டினார். அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஆனா அங்கயும் மூணா நாள் இருப்புக் கொள்ளலீங்க. அவ்வளவு அழகான ஊரு. ரெண்டு நாள் மனசு அப்படி லேசா கெடந்துச்சு. அப்பறம் கால் பரபரன்னு வந்துருச்சு. எதுக்குன்னு எனக்கே தெரியல. பாயிண்ட் எல்லாம் வீணாப் போச்சுன்னு நெனைக்காதீங்க. ஆனா மறுபடியும் எங்காவது போவேனுங்க. அதையும் சொல்லிப்போடறேன்."

வாளையாறு வந்தது. மலையும் பனைமரங்களும் ஜன்னலில் நெருங்கி வந்தன. அவர் அவளுடைய கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். அரிவாள் பிடித்த இடத்தில் கொப்புளம் வந்து தோல் உரிந்திருந்தது.

"அறுப்புக்குப் போனியா?"

"போனேனுங்க."

"நம்ம வயல உட்டுட்டு!" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு அறுப்பாங்க? தண்ணி எங்கிருந்து வருது? வரப்பு எத்தன அகலம்?"

அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கஞ்சிக்கோட்டில் இறங்கவேண்டிய பையன்கள், ரயில் அங்கே நிற்காததால் பாலக்காட்டில் இறங்கத் தயாராக மூட்டைகளைக் கதவருகே சேர்த்தார்கள். நர்மதாவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாலக்காட்டில் கால் வைத்ததும் பிளாட்பாரமே ஆடுவது போலிருந்தது. மூன்று நாள் ஓடிய ரயில் அவள் உடம்புக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பையை வாங்கிக்கொண்டு பத்தடி முன்னால் போய்விட்டார். திரும்பிப் பார்த்தார். அவள் இறங்கிய இடத்திலேயே நின்று ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமா?"

"இது கெளம்பட்டுங்க."

மோகனசுந்தரம் திரும்பி வந்து பையைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். சிக்னல் பச்சையானது. கன்னியாகுமரிக்குப் போகவேண்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போக ஆரம்பித்தன.